ஐம்பத்தொன்றாவது ஆள்

முழுப் பட்டியலும் மொத்தமாகத் திறந்துகொண்டிருந்த காலத்தில் யாரும் விடுபடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதை மாற்றியவள் நான்தான்.

பதினோரு கண் மருத்துவமனைகளுக்கும் சேர்த்து அறுவை சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் ஒன்றுதான், தொண்ணூறாயிரம் பெயர். கணினியில் திறக்க நான்கு நிமிடம் ஆகும். நோயாளிகளைத் தொலைபேசியில் அழைக்கும் அக்கா அதற்குள் டீ குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடுவார். மென்பொருள் எழுதும் நான் அதைப் பக்கத்துக்கு ஐம்பது பெயராகப் பிரித்தேன். ஒருமுறை திறந்த பக்கத்தின் நகலைச் சேமித்துவைத்து, மறுமுறை நொடியில் வரச் செய்தேன். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு தையல்காரரின் மகள் கவுன்ட்டரில் வந்து நின்றாள். அப்பாவுக்குப் பின்னால் பதிந்த பக்கத்து வீட்டுக்காரர் சிகிச்சை முடிந்து பேப்பர் படிக்கிறாராம். அப்பாவுக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கடையை மூடிவிட்டார். அழைப்பு மட்டும் வரவே இல்லை.

அக்கா நேராக என் மேசைக்கு வந்தார். "ஏம்மா, பேரைப் போட்டுத் தேடினா இருக்காரு. பக்கம் பக்கமா புரட்டினா இல்ல. இது என்ன கண்கட்டு வித்தை?"

"நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க, சொல்லுங்கக்கா."

"ஒரு பக்கத்துல பன்னெண்டு பேராவது வரேன்னு சொல்லுவாங்க. தேதி குடுத்ததும் பட்டியல்ல இருந்து போயிடுவாங்க. அப்புறம் ரெண்டாம் பக்கம்."

தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் போனால் பின்னால் நிற்பவர்கள் பன்னிரண்டு இடம் முன்னேறுவார்கள். ஐம்பத்தொன்றாவது ஆள் முப்பத்தொன்பதாவது ஆகி, அக்கா முடித்துவிட்ட முதல் பக்கத்துக்குள் போய்விடுவார். திரும்பிப் போய்த் தேடினாலும் கிடைக்க மாட்டார்; அங்கே வருவது என் பழைய நகல். கொஞ்ச நேரத்தில் தானே அழியும்படி அதற்குக் காலாவதி வைக்க மறந்திருந்தேன். முன்வரிசைக்கு வந்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

பக்க எண்ணையே தூக்கி எறிந்தேன். கடைசியாக அழைத்தவரின் பதிவு எண்ணுக்கு அடுத்த ஐம்பது பேர் என்று கேட்கும்படி எழுதினேன். நடுவில் யார் போனாலும் அந்த இடம் நகராது. ஒருவர் நீங்கினால் பழைய நகலும் அழிந்துவிடும். மதியத்துக்குள் முடித்து, விடுபட்டவர்களை எண்ணினேன். இரண்டாயிரத்து நூற்று ஆறு பேர்.

"சரி பண்ணியாச்சுல்ல? அடுத்த சுத்துல தானா வருவாங்க. வெளிய மூச்சு விடாத" என்றார் மேலாளர்.

"அடுத்த சுத்து வர ரெண்டு வருஷம் ஆகும் சார்."

"விஷயம் வெளிய போனா நம்ம பேர் நாறிடும்."

"என் பேரைச் சொல்லிடுங்க சார், அது நாறட்டும். நானும் அக்காவும் இன்னைக்கே கூப்பிட ஆரம்பிக்கிறோம்."

அவர் பதில் சொல்வதற்குள் எழுந்து வந்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாயிரம் பேரை இருட்டில் உட்காரவைத்துவிட்டு என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தையல்காரரை அழைத்தேன்.

"ஐயா, உங்க முறை மூணு மாசம் முன்னாடியே வந்துடுச்சு. நாங்கதான் கூப்பிடாம விட்டுட்டோம். தப்பு என்னோடது."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"வலது கண்ணுன்னுதானேம்மா எழுதியிருக்கு?"

"ஆமாங்க ஐயா."

"ரெண்டும்னு மாத்திக்கம்மா. போன மாசம் இடதும் போயிடுச்சு."

மாற்றினேன். எழுத்து தவறியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். அவருக்குத் தேதி கொடுத்துவிட்டு அடுத்த எண்ணை அழைத்தேன்.