சம்பந்தம் பேச வந்த நாள்

கணவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து, "இதை வேற யார்கிட்ட சொன்னே?" என்றுதான் முதலில் கேட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை என்றாள் அவள். சட்டைக் கம்பெனியில் பதினாறு வருஷமாகத் துணி சரிபார்க்கிறவள். தையலில் முடிச்சு விழுந்திருந்தால் கண்ணுக்கு முந்தி அவள் விரல் கண்டுபிடித்துவிடும். குளிக்கும்போது இடது மார்பில் பித்தான் அளவுக்கு ஏதோ உருண்டதையும் அந்த விரல்தான் கண்டுபிடித்தது.

வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வலிக்காத கட்டிக்கு எதற்கு ஆஸ்பத்திரி? மகளுக்கு இடம் கூடி வரும் நேரம். தாய்க்கு அந்த நோய் என்று காற்றுவாக்கில் காதில் விழுந்தாலே போதும், பெண்ணுக்கும் வரும் என்று பையன் வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள். கல்யாணம் முடியட்டும் என்றார். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

நான்கு மாதம் போயிற்று. கட்டி போகவில்லை. ஒரு நாள் கண்ணாடி முன் கையைத் தூக்கியபோது, நூலை இழுத்துவிட்ட துணிபோல அந்த இடத்துத் தோல் உள்வாங்கிச் சுருங்கியிருந்தது.

மறுநாள் கம்பெனி நர்ஸிடம் போய், பக்கத்து வீட்டுக்காரிக்கு என்று சொல்லிக் கேட்டாள். நர்ஸ் அவள் முகத்தையே பார்த்தாள்.

"எல்லாக் கட்டியும் அந்த நோய் இல்லக்கா. ஆனா எது எதுன்னு கைக்குத் தெரியாது, டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். வலிக்கலைன்னு விட்டுடக் கூடாது. தோல் சுருங்கிடுச்சுன்னா ஒரு நாள்கூடத் தள்ள வேணாம். பக்கத்து வீட்டு அக்காவைச் சீக்கிரம் போகச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே பையன் வீட்டார் வந்தார்கள்: பையன், அவன் அப்பா, அதிகம் பேசாத அம்மா. அந்த அம்மாள் நாற்காலி நுனியில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சு நன்றாகத்தான் போனது. உற்சாகத்தில் கணவர், இந்த வீட்டில் யாரும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை என்று பெருமை அடித்துக்கொண்டார்.

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"எனக்கு மார்ல ஒரு கட்டி இருக்குங்க. நாலு மாசமா இருக்கு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். தெரிஞ்சுக்கிட்டு மேல பேசுங்க."

கணவருக்கு முகம் செத்துப்போயிற்று. மகள் மட்டும் நகர்ந்து வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

பையனின் அப்பா மரியாதையாகவே எழுந்தார். கலந்து பேசிச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். பையன் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனான். அந்த அம்மாள் மட்டும் செருப்பைத் தேடுகிறவள்போல வாசலில் பின்தங்கினாள்.

"எட்டு மணின்னா சொன்னீங்க?"

"ஆமா."

"நானும் வரேன். எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. பையனுக்கு ஒரு இடம் அமையட்டும்னு இருந்துட்டேன். அவருக்குத் தெரியாது."

மறுநாள் சொன்னபடியே வந்துவிட்டாள். சீட்டு வாங்கிக்கொண்டு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். துணைக்கு வந்திருந்த மகள் பக்கத்தில் நின்றாள். ஒன்பது மணி வாக்கில் மகளின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. மகள் அதைப் படித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, அந்த அம்மாளிடம் நீட்டினாள்.

குடும்பத்தில் இப்படி நோய் இருக்கிற இடம் தங்களுக்குச் சரிப்பட்டு வராது என்று பையனின் அப்பா எழுதியிருந்தார்.

அந்த அம்மாள் இரண்டு தடவை படித்தாள். அதற்குள் உள்ளேயிருந்து அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க சம்பந்தி, நீங்களும் கூட வாங்க" என்றாள்.