புஷ்பபாய் வீட்டு பிரிட்ஜ்

மனிதன் பொய் சொல்வான்; பொருள் பொய் சொல்லாது. வறுமையைப் பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்ட அத்தனை நூல்களும் தேடித் தவறவிட்ட உண்மை இதுதான் என்று, ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர் டாக்டர் கிருஷ்ணன்குட்டி நெய்யாற்றின்கரையில் பல மேடைகளில் அறிவித்திருக்கிறார். அவர் மனைவி சரசம்மாவுக்கும் இதில் மாற்றுக் கருத்து கிடையாது. இனிப்பை நாக்கில் வைத்தே வருஷங்கள் ஆயிற்று என்று சர்க்கரை டாக்டரிடம் அவர் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது, முகம் துடைக்க எடுத்த கைக்குட்டையிலிருந்து பாதி லட்டு மேஜைமேல் விழுந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

அப்படிப்பட்டவரிடம், கொல்லயில் என்ற ஊரை ஒட்டிய ஒரு வார்டில் அரசாங்கத்தின் நலத்திட்டங்கள் நிஜமாகவே ஏழைகளைப் போய்ச் சேர்கின்றனவா என்று மதிப்பிட்டுச் சொல்லும் பொறுப்பு வந்தது. விஷயம் எளிது. ரேஷன் கார்டு பிங்க் நிறமென்றால் ஏழை வீடு. குறைந்த விலைக்கு அரிசியும் உண்டு, ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சையும் உண்டு. வெள்ளையென்றால் வசதியான வீடு. அரசாங்கத்தின் கருணை அந்த வாசலைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடும். யார் பிங்க், யார் வெள்ளை என்று சார் வீடுவீடாகப் பார்த்துச் சொல்லவேண்டும்.

சார் நிபந்தனைகளோடுதான் ஒப்புக்கொண்டார். யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். வீட்டிலிருக்கும் பொருட்களைக் கண்ணால் பார்த்து டேப்லெட்டில் பதிவார், அவ்வளவுதான். பதிந்ததை எந்த அரசியல்வாதியும் பிறகு தொடமுடியாதபடி பூட்டிவிடுவார். பிழை என்று யாராவது கருதினால் பொதுக்கூட்டத்தில் எழுந்து காரணம் சொல்லி, அதை மினிட்ஸில் எழுதவைத்துத்தான் திருத்தமுடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனநாயக நெறிப்படி அவர் வரும் நாளை ஊருக்கு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும்.

"முன்கூட்டிப் பறயணுமா சாரே?" என்று வார்டு மெம்பர் ஜாய் தலையைச் சொறிந்தார். "பறஞ்சா பின்னே..."

"வெளிப்படைத்தன்மை, மெம்பரே!"

"செரி சாரே. வெளிப்படையாவே பறஞ்சிடலாம்."

ஜாய் வார்டு வாட்ஸாப் குழுவில் போட்டார். போதாதென்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து சனம் செருப்புத் தேடும் நேரத்தில் மைக்கிலும் சொன்னார். அதன்பிறகு அந்த வார்டில் பொருட்களுக்குக் கால் முளைத்தது. அங்கே அது புதிதும் அல்ல. கல்யாணமென்றால் ஒரு வீட்டு நாற்காலி இன்னொரு வீட்டுக்குப் போகும், சாவென்றால் அண்டா போகும். யாரும் ரசீது எழுதுவதில்லை, ஏனென்றும் கேட்பதில்லை.

சார் வந்த நாளில் வானம் மூடிக் கிடந்தது. ரப்பர் தோட்டத்தின் ஓரமாக இறங்கிப் போனால் முதலில் புஷ்பபாயின் வீடு. தொழிலுறப்பு என்கிற நூறுநாள் வேலைக்குப் போகிறவள். அவள் புருஷன் ராஜப்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். அந்தக் கட்டிலுக்கும் அடுக்களைக்கும் நடுவில், நடந்துபோக இடமில்லாமல், ஆளுயரத்துக்கு இரட்டைக் கதவு பிரிட்ஜ் ஒன்று நின்றது. அதன் தோளில் சாய்ந்தபடி ஒரு வாஷிங் மெஷின்.

சாரின் புருவம் உயர்ந்தது.

"சாரே, அது எங்களுக்க..." என்று தொடங்கிய புஷ்பபாய் பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "சாயா எடுக்கட்டா?"

"நான் எதுவும் கேட்கவில்லை, அம்மா. நீங்களும் சொல்லவேண்டாம்," என்று சார் கருணையோடு கையமர்த்தினார். அனுபவம் இல்லாத ஆய்வாளர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷின் இரண்டையும் பதிந்தார். ஜாய் மழை வருமா என்று வானத்தை வெகுநேரம் ஆராய்ந்தார்.

அடுத்தது பிஜுவின் வீடு. கல்ஃபில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். பழைய ஓட்டு வீட்டில் அவன் அம்மா பெயரில் இருந்த பிங்க் கார்டு, வீடு கான்கிரீட் ஆனபிறகும் நிறம் மாறாமல் இருந்தது. உள்ளே சார் கண்ட காட்சி அவர் நெஞ்சைப் பிசைந்தது. வரவேற்பறையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சுவரில் டிவி இருந்திருக்கக்கூடிய இடத்தில் நான்கு ஆணிகள். அடுக்களைத் தரையில் ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது. அதற்கு மேலே சுவரில் தனியாக ஒரு பெட்டி. 'பழைய வானொலி' என்று பதிந்தார். பிஜுவின் மனைவி பிரசீதா குடிக்க எலுமிச்சை வெள்ளம் கொண்டுவந்தாள். ஐஸ்கட்டிகள் கிளாசில் கிணுகிணுவென்று மோதின.

வெளியே வந்ததும் சார், "கல்ஃபிலிருந்து வந்தவன் என்றால் பணக்காரன் என்பது எவ்வளவு பெரிய மூடநம்பிக்கை, பாருங்கள் மெம்பரே," என்றார்.

"ஓ சாரே," என்றார் ஜாய்.

சாயங்காலத்துக்குள் பட்டியல் பூட்டப்பட்டது. புஷ்பபாய் வெள்ளை. பிஜு பிங்க்கில் தொடரலாம்.

ஜாய் பைக்கில் போய்விட்டார். சார் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது தூறல் விழுந்தது. அப்போதுதான், குடை புஷ்பபாய் வீட்டுத் திண்ணையில் இருப்பது நினைவுக்கு வந்து திரும்பி நடந்தார்.

புஷ்பபாய் வீட்டு வாசலில் பிரிட்ஜ் சிக்கிக்கொண்டு நின்றது. பாதி உள்ளே, பாதி வெளியே. அந்தப்புறம் வீட்டுக்குள்ளிருந்து யாரோ தள்ளுகிறார்கள். இந்தப்புறம் வெளியே புஷ்பபாய் ஒற்றையாளாக அடியில் கை கொடுத்துக் குனிந்து திணறிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து கிலோகூட இராத பெண்பிள்ளை. சார் எவ்வளவுதான் பேராசிரியர் என்றாலும் வளர்ந்தது நாட்டுப்புறத்தில். குடையை மறந்தார். "விலகுங்கள்," என்று அவளை ஒதுக்கிவிட்டு அடியில் கையைக் கொடுத்தார். ஒயரைப் பிடுங்கும் வேலைகூட இருக்கவில்லை. அது எதிலும் சொருகப்படாமல் பின்னால் சுருட்டிக் கட்டி வைக்கப்பட்டிருந்தது.

"எலே மக்கா, பைய பிடிலே!" என்று அந்தப்புறத்திலிருந்து குரல் வந்தது. "பட்டிக்குப் பொறந்தவனே, சாய்க்காதலே! ஒனக்க அப்பன் வாங்கித் தந்ததாலே இது?"

சாரை யாரும் நாற்பது வருஷமாக அப்படிக் கூப்பிட்டதில்லை. பதில் சொல்ல மூச்சும் இல்லை. பைய பிடித்தார்.

ஈரமான ஒற்றையடிப் பாதை பிஜு வீட்டுப் பக்கம் திரும்பியபோதுதான் அவருக்கு அதன் பொருள் புரிந்ததுபோல் இருந்தது. ஒன்றுமில்லாத பிஜு குடும்பத்துக்குப் புஷ்பபாய் தன் பிரிட்ஜைக் கடன் கொடுக்கிறாள்! ஏழைகளுக்குள் இப்படியும் ஒரு பரிவு. கண் கலங்கியது. இதை ஒரு கட்டுரையாகவே எழுதலாம். முதல் வாக்கியம்கூட உருவாகிவிட்டது.

பிஜுவின் அடுக்களையில் இறக்கினார்கள். வெளுத்த சதுரத்தில் பிரிட்ஜின் நான்கு காலும் ஒரு நூல் பிசகாமல் போய் உட்கார்ந்தன. பிரசீதா ஒயரை எடுத்துப் பழைய வானொலியில் சொருகினாள். சார் வானொலி என்று பதிந்த அந்த ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கு எரிந்தது. பிரிட்ஜ் உறுமித் தொடங்கியது.

பிஜு நெற்றி வியர்வையைத் துடைத்தபடி மறுபக்கம் வந்தான். வந்தவன் அப்படியே நின்றான்.

"அய்யோ. சாராக்கும் பிடிச்சதா?"

பிரிட்ஜ் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"பக்கத்து வீட்டு தீபு பயலெண்ணு நெனச்சாக்கும் சாரே நான்... அந்த வாக்கு..."

"பரவாயில்லை," என்றார் சார். அவருக்குக் காது மடல் வரை சுட்டது. மதியம் குடித்த எலுமிச்சை வெள்ளம், ஐஸ்கட்டியோடு, இப்போதுதான் தொண்டைக்குள் இறங்குவதுபோல் இருந்தது. ஐஸ் எங்கிருந்து வந்தது என்று நாலாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருக்கும்.

குடையோடு ரோடு வரை கூடவே வந்தாள் புஷ்பபாய்.

"சாரே, ஒண்ணும் வெளிய பறயாண்டாம்."

"பறயாமல்? உங்கள் கார்டு வெள்ளை ஆகிறது, அம்மா! டயாலிசிஸுக்கு என்ன செய்வீர்கள்?"

"அது தெரியும் சாரே. ஆனா எங்க ஆள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது பிஜுவுக்க காருலயாக்கும். விடியக்காலம் எழும்பி வருவான், பெட்ரோலுக்கு ஒரு பைசா கேக்கமாட்டான். அந்தக் காரும் இப்போ பள்ளிக்குப் பின்னால தார்ப்பாய மூடிட்டு நிக்கிது." அவளே கொஞ்சம் சிரித்தாள். "ரெண்டு நாளைக்கு இத வச்சிக்கோங்க அக்காண்ணு பிரசீதா வந்து கேட்டா, நான் மாட்டேண்ணு பறயவா? அவன் பேர சாரு சபையில பறஞ்சா கார்டு நிக்கும், காரு போவும். பறயலேண்ணா காரு நிக்கும், கார்டு போவும்."

"அப்போது நான் என்னதான் செய்வது?"

"எனக்கு ரெண்டும் வேணும் சாரே. சாரு படிச்ச ஆளில்லியா? ஒரு வழி பாருங்க."

அன்றிரவு சரசம்மா அவர் இடுப்பில் வலிக்குக் குழம்புத் தைலம் தேய்த்துக்கொண்டே, "இந்த வயசுல அங்க போயி என்னத்தத் தூக்கினீங்க?" என்று கேட்டாள். "தரவு" என்று சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார் சார். டேப்லெட்டைத் திறந்தும் பார்த்தார். அவரே போட்ட பூட்டு. நன்றாகத்தான் போட்டிருந்தார்.

பொதுக்கூட்டம் வாசகசாலையில் நடந்தது. சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'பிழையே இல்லாத மதிப்பீட்டின் தந்தை' என்று ஒருவர் பேசினார். பொன்னாடைக்குள் சார் குறுகிக்கொண்டே போனார். பிறகு ஜாய் பட்டியலை வாசித்தார். "புஷ்பபாய், வெள்ளை" என்று வந்தபோது கூட்டம் முழுவதும் ஒரேயடியாக மின்விசிறியைப் பார்த்தது. அந்த அறையில் இருந்தவர்களில் அந்த பிரிட்ஜின் பூர்வீகம் தெரியாமல் அதைப் பதிந்தவர் தாம் ஒருவர் மட்டுமே என்பது அப்போதுதான் சாருக்கு உறைத்தது. மெம்பர் ஜாய்க்குத் தெரிந்திருக்கிறது. பொன்னாடை வாங்கி வந்தவருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்றாவது வரிசையில் புஷ்பபாய் மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே பிரசீதா. இரண்டு பேரும் ஒரே காரில்தான் வந்திருந்தார்கள்.

"ஆட்சேபம் உண்டா?" என்று ஜாய் கேட்டார். யாருக்கும் இல்லை.

சார் எழுந்தார். "எனக்கு உண்டு."

"சாருக்க பட்டியலுக்கு சாரே ஆட்சேபமா?"

"புஷ்பபாய் வீட்டில் நான் பதிந்தது தவறு. அந்த பிரிட்ஜ் அவளுடையது அல்ல. வாஷிங் மெஷினும் அல்ல. பிங்க்கிலேயே வைக்கவேண்டும்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சாரே, பொருளு பொய் பறயாதுண்ணு நீங்கதானே பறஞ்சிய!"

சிரிப்பு அடங்கும்வரை சார் நின்றார். பொன்னாடை ஒரு தோளிலிருந்து வழுக்கியது. எடுத்துப் போடத் தோன்றவில்லை.

"காரணம் எழுதணும் சாரே, நீங்க வச்ச சட்டம்," என்று ஜாய் பேனாவைத் திறந்தார். குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "அவளுக்கதில்லேண்ணு எப்பிடித் தெரியும்?"

"அந்த வீட்டிலிருந்து வெளியே போனதைப் பார்த்தேன்."

"தூரத்திலேருந்தா?"

"ஒரு பக்கம் பிடித்தது நான்தான்."

இந்த முறை மின்விசிறியைப் பார்த்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பிஜு கைபேசியில் எதையோ மும்முரமாகத் தேடினான். பிரசீதா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்காதவள் புஷ்பபாய் ஒருத்திதான். மூச்சைப் பிடித்தபடி சாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கொண்டு வச்சீங்க சாரே?"

ஐம்பது ஆண்டுப் படிப்பு, இரண்டு பட்டம், ஒரு முனைவர் ஆய்வு. கண்ணால் கண்டதைக் கண்டபடி பதிவது ஒன்றே ஆய்வாளனின் கற்பு என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த வாய். சார் அந்த வாயைத் திறந்தார்.

"ஓர்மையில்ல," என்றார்.

"என்னது?"

"ஓர்மையில்லை மெம்பரே. மழை. இருட்டு. வயசும் ஆயிற்று."

"கேட்டியாலே," என்று பின்வரிசை பக்கத்து ஆளின் தொடையில் தட்டியது, "தூக்கிட்டுப் போன ஆளுக்கு வச்ச எடம் தெரியாதாம்! இதாக்கும் டாக்டரு."

ஜாய் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார். புஷ்பபாயின் கார்டு பிங்க்கிலேயே நின்றது. பிஜுவின் கார்டும் நின்றது. மினிட்ஸ் கீழே சார் கையெழுத்துப் போட்டார்; முழுப் பெயரும் பட்டமும் சேர்த்துப் போடவேண்டும் என்பதும் அவர் வைத்த சட்டம்தான். டாக்டர் கிருஷ்ணன்குட்டிக்குத் தாம் தூக்கிச் சென்ற பிரிட்ஜை எந்த வீட்டில் வைத்தார் என்பது நினைவில்லை என்று அதில் எழுதியிருந்தது.