உட்கார ஒரு ஸ்டூல்

துணிக்கடையின் குழந்தைகள் பிரிவில் டேப் அக்கா வலது முட்டியை அலமாரிக்கு முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். வாங்கிப் போனவர்களெல்லாம் பையும் பில்லுமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சட்டை இறுக்கமாக இருக்கிறது, ஃபிராக்கில் ஒரு பொத்தானைக் காணவில்லை, மாமா எடுத்த நிறம் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. ஒரு சட்டைக் காலரில் கேக் க்ரீம் காய்ந்து ஒட்டியிருந்தது.

“போடவே இல்லைங்க,” என்றாள் அதைக் கொண்டுவந்த பெண்.

டேப் அக்கா க்ரீமைப் பார்த்தாள். அவள் முகத்தையும் பார்த்தாள். “சரிங்க, வேற அளவு எடுத்துத் தரேன்,” என்று ஏணியில் கால் வைத்தாள். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடந்தது. மேலே இறுக்கிச் சுற்றியிருந்த கட்டு, மதியத்துக்குள் தளர்ந்து கணுக்காலுக்கு இறங்கிவிடும்.

கழுத்தில் எந்நேரமும் அளவெடுக்கும் டேப் தொங்குவதால் அவளுக்கு அந்தப் பெயர். பக்கத்தில் நிற்பவள் பொடிசு. கடையிலேயே குள்ளம் அவள்தான். இப்போது ஏழு மாதம். யூனிஃபார்ம் கோட்டின் நடுப் பொத்தான்களைப் பூட்ட முடியாமல் ஊக்கு குத்தியிருந்தாள்.

அந்தத் துணிக்கடையில் வேலை நேரத்தில் உட்காரக் கூடாது. அப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. உட்கார ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். மனைவி புடவை மாற்றிப் பார்க்கும்வரை காத்திருக்கும் கணவர்களுக்கு ட்ரையல் ரூம் வாசலில் சோபா உண்டு. வேலை செய்கிறவர்களுக்கு அலமாரி விளிம்பும் சுவரும்தான். ஏணிப்படியில் ஒரு நிமிஷம் இடுப்பைச் சாய்த்தால் மேலே கேமரா பார்க்கும், சூப்பர்வைசர் வந்துவிடுவான். பேசும்போது முன்பல் இடுக்கில் காற்று வருவதால் பெண்கள் அவனுக்கு விசில் என்று பெயர் வைத்திருந்தார்கள். கால் ரொம்பவும் கெஞ்சினால் பெண்கள் கழிவறைக்குப் போய், மூடியை இறக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அங்கேயும் வந்து கதவைத் தட்டுவான் விசில்.

முதலாளியம்மாவை எல்லோரும் நல்ல மனசு என்றுதான் சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொருத்தர் கையிலும் கேக் பொட்டலத்தை அவளே கொடுத்தாள். பண்டிகை முடிந்ததும் ஒரு புதன்கிழமை, ஷட்டர் ஏறும் முன் எல்லோரையும் கேஷ் கவுண்டர் முன்னால் வரிசையாக நிற்க வைத்துப் பேசினாள்.

“பாட்டு பாடினோம், ஸ்டார் கட்டினோம், கேக் சாப்பிட்டோம். அதோட முடிஞ்சு போச்சா? சுவிசேஷம் வருஷம் பூரா நம்ம கூட நடக்கணும். வாராவாரம் ஒரு கதை வாசிப்போம். அது நம்ம வாழ்க்கையில எங்க இருக்குன்னு ஒவ்வொருத்தரும் யோசிக்கணும்.”

அதற்காக எல்லோரும் புதன்கிழமைகளில் அரை மணி நேரம் முன்னதாக வந்தார்கள். முதல் வாரம் குழந்தைக்குக் காணிக்கை கொண்டுவந்த ஞானிகள். நாம் கொடுக்கும் காணிக்கை நேர்மையான உழைப்பு என்றாள் முதலாளியம்மா. அடுத்த வாரம் திராட்சைத் தோட்டக் கூலியாட்கள். காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே கூலி, யாரும் முணுமுணுக்கக் கூடாது என்றாள்.

“அப்ப நாளைலேர்ந்து நான் சாயங்காலமே வரேன்,” என்று கேஷியர் பெண் டேப் அக்காவின் காதில் சொன்னாள். டேப் அக்கா சிரிப்பை இருமலாக்கிவிட்டாள்.

மூன்றாவது வாரம் கூனிப் பெண்ணின் கதை. முதலாளியம்மா அதைக் கண்முன்னால் நடப்பதுபோல் சொன்னாள்.

“பதினெட்டு வருஷமா கூனிப் போய்க் கெடந்தா அந்தப் பொம்பள. மேல வானத்தக்கூடப் பாக்க முடியாது. இயேசு அவளக் கூப்பிட்டு, கை வச்சு நிமித்தி விட்டார். அன்னைக்கு ஓய்வுநாள். ஜெபக்கூடத் தலைவனுக்குக் கோபம் வந்துடுச்சு. ஓய்வுநாள்ல இதெல்லாம் செய்யலாமான்னான். இயேசு விடல. ஓய்வுநாள்ன்னு உங்க மாட்டத் தண்ணியில்லாம கட்டிப் போடுவீங்களா? அவுத்துக் கொண்டுபோய்த் தண்ணி காட்டுறீங்கல்ல? இவளோட கட்ட மட்டும் அவுக்கக் கூடாதான்னு கேட்டார்.”

“நமக்கும் தினம் நல்லாத்தான் தண்ணி காட்டுறாங்க,” என்றாள் கேஷியர் பெண், உதடு அசையாமல்.

“சொல்லுங்க. இந்தக் கதை உங்க வாழ்க்கையில எங்க இருக்கு?”

யாரோ ஒருத்தி, “பொறுமையா இருக்கணும்மா,” என்றாள். முதலாளியம்மா திருப்தியாகத் தலையசைத்தாள். அந்த நேரத்தில் பொடிசு லேசாகத் தள்ளாடி, டேப் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

டேப் அக்காவுக்கு யோசிக்க நேரமில்லை. “இங்கதாம்மா இருக்கு,” என்றாள். “இவளுக்கு ஏழு மாசம். காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நிக்கிறா. ஒரு ஸ்டூல் போட்டுக் குடுங்கம்மா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

முதலாளியம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. வரிசைக்குள் வந்து பொடிசின் கன்னத்தைத் தொட்டாள். “பாத்தீங்களா? இதுதான் நான் கேட்டது. இதுதான் சுவிசேஷம்.”

அன்று மதியமே நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வந்தது. முதலாளியம்மாவே அதைக் குழந்தைகள் பிரிவில் போட்டு, பொடிசை உட்கார வைத்து, போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

பொடிசு முதலில் விளிம்பில்தான் உட்கார்ந்தாள். யாராவது வந்தால் துள்ளி எழுந்தாள். சாயங்காலத்துக்குள் முதுகைச் சுவரில் சாய்க்கவும் காலை நீட்டவும் பழகிவிட்டாள். உட்கார்ந்தபடியே சட்டை மடித்தாள், விலைச்சீட்டு கட்டினாள். அவள் சாப்பிடப் போகும்போது மற்ற பிரிவுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். “நீ நிதானமா போய்ட்டு வா. ஸ்டூல் சூடு ஆறாம நாங்க பாத்துக்கறோம்,” என்றாள் கேஷியர் பெண். டேப் அக்காவும் உட்கார்ந்து பார்த்தாள். கெண்டைக்காலில் ரத்தம் குறுகுறுவென்று இறங்குவது தெரிந்தது. கண் தானாகச் சொருகியது. விசில் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளியம்மா போட்ட ஸ்டூல், அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஆனால் சனிக்கிழமை முதலாளி மாடி அறையிலிருந்து கீழே வந்தார். ஸ்டூலில் யாரோ ஒரு பெண், அதன் பக்கத்தில் தன் முறைக்கு நிற்கும் இன்னொரு பெண். அவர் குரலை உயர்த்தவில்லை.

“இன்னைக்கு ஒரு ஸ்டூல். நாளைக்கு என் கடை பஸ் ஸ்டாண்டு ஆயிடும்,” என்று விசிலிடம் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் ஸ்டூல் கேஷ் கவுண்டருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளர்கள் அதன்மேல் பைகளை வைத்தார்கள்.

திங்கட்கிழமை பொடிசை மாடிக்குக் கூப்பிட்டார்கள். டேப் அக்காவும் கூடப் போனாள். முதலாளி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மாதான் பேசினாள்.

“உனக்காக நான் ரொம்ப யோசிச்சேம்மா. இந்த நெலமையில உன்ன நிக்க வைக்கிறது பாவம். உக்கார வச்சா மத்தவங்களும் கேப்பாங்க. அதனால நீ வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடு.”

“எவ்வளவு நாளும்மா?” என்றாள் பொடிசு.

“கொழந்த பொறந்து, உடம்பு தேறி, அப்புறம் பாத்துக்கலாம்.”

“அப்ப வேலை…”

“அந்த நேரத்துல காலியிடம் இருந்தா உனக்குத்தான் முதல்ல.”

“அவ ரெஸ்ட் கேக்கலம்மா,” என்றாள் டேப் அக்கா. “ஸ்டூல்தான் கேட்டோம்.”

முதலாளி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “நீ கேட்ட. அவ கேக்கல.”

முதலாளியம்மா பொடிசின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தாள். நீண்ட ஜெபம். பொடிசுக்கு மூக்கு ஒழுகியது. துடைக்கக் கையை உருவ முடியாமல் அப்படியே நின்றாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் டேப் அக்கா அவள் வீட்டுக்குப் போனாள். பஞ்சர் ஒட்டும் கடைக்கு மேல் ஒரே அறை. புருஷன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். தோள் எலும்பு விலகி, கையைக் கழுத்தில் கட்டிய துணித்தொட்டிலில் தொங்கவிட்டுச் சுவரோரம் படுத்திருந்தான். பொடிசு அக்காவை உள்ளே வா என்று சொல்லவில்லை. ஆனால் பழக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, “உக்காருக்கா,” என்றாள். பிறகு அணைந்து கிடந்த அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“யாருக்கா உன்ன வாயத் தொறக்கச் சொன்னது?”

“நீ விழுந்துடுவேன்னு பயந்துட்டேன்டி.”

“விழுந்தா எந்திரிச்சிருப்பேன். இத்தன நாள் நின்னேன்ல? இன்னும் ரெண்டு மாசம் நின்னிருப்பேன். இப்ப நல்லா உக்காந்திருக்கேன், பாரு.”

டேப் அக்கா வாளியின்மேல் காலை உள்ளிழுத்து வைத்துக்கொண்டாள். புருஷன்காரன் கண்ணை மூடிக்கொண்டே, “அக்காவுக்குத் தண்ணி குடு,” என்றான். பொடிசு கொடுத்தாள். கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

புதன்கிழமை முதலாளியம்மாவோடு சபையிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். அன்று புதுக் கதை இல்லை. கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லப்போகிறேன் என்றாள் முதலாளியம்மா. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பொடிசின் படத்தை வந்தவர்களுக்குக் காட்டினாள்.

“போன வாரம் வாசிச்ச வசனம் இந்தக் கடையில நிறைவேறுச்சு. வயித்துல புள்ளையோட கஷ்டப்பட்ட ஒரு தங்கச்சிய வீட்டுக்கு அனுப்பி வச்சோம். இப்ப நிம்மதியா ஓய்வெடுக்குறா. கர்த்தர் அவ கட்ட அவுத்துட்டார். எல்லாரும் ஆமென் சொல்லுங்க.”

“ஆமென்,” என்றது வரிசை. சபைப் பெண்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டேப் அக்காவுக்குத் தரையில் வைக்கப்பட்ட அந்தத் தண்ணீர் டம்ளர் கண்முன் நின்றது.

“கட்ட எங்கம்மா அவுத்தீங்க? அவளத்தான் அவுத்து விட்டுட்டீங்க. வீட்டுல அடுப்பு எரியல.”

முதலாளியம்மா திரும்பினாள். “என்ன சொன்னீங்க?”

டேப் அக்கா அலமாரியைப் பிடித்து, முதலில் ஒரு முட்டியை மடக்கி, பிறகு மற்றதை மடக்கி, தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். டைல்ஸ் ஜில்லென்று இருந்தது. கணுக்காலில் கிடந்த கட்டைப் பிரித்து நிதானமாக மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.

கேஷியர் பெண் அவளைப் பார்த்தாள். கோட்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வரிசையின் கடைசியில் இன்னொருத்தி, அப்புறம் அவளுக்கு அடுத்தவள்.

“ஜெப நேரத்துல என்ன இது?” என்றாள் முதலாளியம்மா. “உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?”

ஷட்டர் ஏறிவிட்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே பையோடு காத்திருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சாவியால் கண்ணாடியைத் தட்டினார். விசில் ஒவ்வொருத்தியின் முன்னாலும் போய் நின்று, அவள் பெயரைச் சொல்லி, “வேலை வேணுமா வேண்டாமா?” என்று கேட்டான். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். எழுந்தவர்கள் டேப் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டைச் சுற்றி முடித்த பிறகே அவள் எழ முயன்றாள். முட்டி ஒத்துழைக்கவில்லை. கேஷியர் பெண்தான் கை கொடுத்துத் தூக்கினாள்.

டேப் அக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் தப்பாகப் பேசப்படும் என்று முதலாளியம்மாவே தடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். குழந்தைகள் பிரிவிலிருந்து வாசலுக்கு மாற்றினார்கள். வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து, “வாங்க” சொல்ல வேண்டும். அங்கே சாய அலமாரி இல்லை, சுவரும் இல்லை. இரண்டு பக்கமும் கண்ணாடி. புதன்கிழமை ஜெபம் மாடிக்குப் போனது. இனி அது குடும்பத்தாருக்கும் மேனேஜர்களுக்கும் மட்டும்.

மாதக் கடைசியில் கண்ணாடி ஜன்னலுக்குப் புது அலங்காரம் வந்தது. தடித்த மெத்தை வைத்த மூன்று நாற்காலிகள். மூன்றிலும் பெண் பொம்மைகள், ஒன்று காலுக்கு மேல் கால் போட்டு, ஒன்று தலையைச் சாய்த்து, ஒன்று கைகளை மடியில் கோத்து. காலையில் கடை திறக்கும் முன் அவற்றைத் துடைப்பதும் வாசல் வேலையில் சேர்த்தி என்றான் விசில்.

டேப் அக்கா முதல் பொம்மையின் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கித் தரையில் நிறுத்தப் பார்த்தாள். உட்காருவதற்கென்றே செய்த பொம்மை, நிற்கவில்லை. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் மெத்தையைத் துடைத்தாள். தூசி இல்லை. இருந்தாலும் ஓரங்களையும் துடைத்தாள். பிறகு பொம்மையை மறுபடி உட்கார வைத்து, விலகியிருந்த பாவாடையை முட்டிக்குக் கீழே இழுத்துவிட்டு, கதவைத் திறக்கப் போனாள்.