இடது கைக்கு ஐந்து கிலோ

கட்டு போட்ட மூன்றாம் நாள் சித்தப்பா கடைச் சாவியைக் கேட்டு வந்தார்.

பாகூர் கடைத்தெருவில் எங்களுக்குத் தவிடு, புண்ணாக்குக் கடை. பி.எஸ்சி. முடித்த பிறகு இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கரும்பு நிலமே சரியாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று யாரோ சாலையில் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். என் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது முன்கை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"கட்டு பிரிக்கிற வரைக்கும் நான் பாத்துக்கிறேன் பாப்பா" என்றார் ஏகநாதன் சித்தப்பா. சாவியைக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவர் கூடத்தில் அப்பாவிடம் பேசியது உள்ளே கேட்டது.

"ஒடிஞ்ச கை சூம்பிப்பூடும்ணே. இனிமே அவ எங்க மூட்டைய நகத்துறது? ஒரு ஷட்டரத் தூக்க முடியுமா? கடைய எங்கிட்ட உட்டுட்டு அவளுக்கு ஒரு எடம் பாரு."

அப்பாவின் குரலும் கேட்டது.

"கட்டு பிரிச்சப்புறம் வர்ற வெள்ளிக்கெழம ஷட்டர அவளே தூக்கட்டும். தூக்கிட்டா கடை அவளுது. இல்லன்னா நீயே வச்சிக்க."

என்னை யாரும் கேட்கவில்லை.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் இளவரசி அக்காவிடம் கேட்டேன். "கை சூம்பிடுமாக்கா?"

"கொஞ்சம் எளைக்கும். சும்மா வச்சிருந்தா நெறைய எளைக்கும்."

விரல்களை அசைக்கச் சொன்னார். தோளைச் சுழற்றச் சொன்னார். கட்டுக்குள்ளேயே தசையை இறுக்கி, பத்து எண்ணித் தளர்த்தச் சொன்னார். பிறகு, "எடது கைக்கு வெயிட் குடு" என்றார்.

"ஒடஞ்சது வலதுக்கா."

"தெரியும். ஒரு கைய பழக்குனா இன்னொரு கைக்கும் அதுல பங்கு போவும். வேல நடக்குறது மூளைலயும்தான? முழுசா காப்பாத்தாது. ஆனா காப்பாத்தும்."

நான் படித்தது விலங்கியல். இது எங்கள் பாடத்தில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அக்கா சொன்னது சரி.

மின்தராசு வந்த பிறகு பழைய இரும்பு எடைக்கற்கள் தோட்டத்துக் கொட்டகையில் கிடந்தன. இரண்டு கிலோவில் தொடங்கினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று முறை, எட்டு எட்டாக.

அம்மா கொல்லைக் கதவில் நின்று பார்த்தாள். "ஒடிஞ்சது ஒரு கை, ஆட்டுறது ஒரு கை. இன்னாடி இது?"

"அம்மா, கஞ்சி போதும். தெனம் ரெண்டு முட்ட வேணும். வேர்க்கடலையும்."

"கட்டு போட்ட ஒடம்புக்கு முட்ட சூடுடி."

"சூடா இருந்தா தெர்மாமீட்டர் வச்சிப் பாரேன்."

திட்டிக்கொண்டே அவித்துக் கொடுத்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தனக்கொடி அக்கா வீடு. இரண்டு மாடு வைத்திருக்கிறார். "பீச்சாங்கைய வளத்து இன்னாடி பண்ணப்போற?"

"ஷட்டர் தூக்கப்போறேன்."

"ஏகநாதங்கிட்ட சொல்லட்டா?"

"சொல்லுங்க."

மாலைக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம். நான் ஐந்து கிலோவுக்கு மாறினேன்.

கட்டு பிரித்தபோது வலது கை வெளுத்து, செதில் செதிலாக இருந்தது. இளவரசி அக்கா இரண்டு கையையும் டேப்பால் அளந்தார். முக்கால் சென்டிமீட்டர்தான் வித்தியாசம்.

"பரவால்லையே! ஆனா மூணு வாரம் இதுல கனம் தூக்கக் கூடாது."

"வெள்ளிக்கெழம ஷட்டர் இருக்குக்கா."

"இதுல கூடாது" என்றார் மறுபடி.

வெள்ளிக்கிழமை காலை கடை முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அப்பா நின்றார். சித்தப்பா பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கினார்.

இடது கையால் கைப்பிடியைப் பிடித்தேன்.

"ஏ, அது பீச்சாங்கை!" என்றார் சித்தப்பா. "பீச்சாங்கையால தொறந்தா கடை வெளங்குமா?"

"வலது கைக்கு டாக்டர் உத்தரவு இல்ல. எந்தக் கையின்னு அப்பாவும் சொல்லல."



காலை ஊன்றி இழுத்தேன். முழங்கால் வரை வந்தது. இடுப்பு வரை வந்து நின்றுவிட்டது. யாரோ "ச்சு" கொட்டினார்கள். உட்கார்ந்து இடது தோளை அடியில் கொடுத்து எழுந்தேன். தகரம் கிறீச்சிட்டது. உள்ளங்கையால் தள்ளினேன். ஷட்டர் தடதடவென்று மேலே சுருண்டது.

"சாவி" என்றேன்.

"மூணு வாரம் ஆவட்டும். சோத்துக்கையால தூக்கு, தர்றேன்" என்றார் சித்தப்பா.

வலது கையை நீட்டினேன். அதன் வெளுப்பை எல்லோரும் பார்த்தார்கள். அப்பா, "ஏகா, குடு" என்றார்.

சித்தப்பா சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். வளையத்தை மட்டும் விடவில்லை. நான் விரல்களை மூடினேன். அவர் ஒரு தரம் இழுத்தார். வரவில்லை.

"விடு பாப்பா."

"நீங்க விடுங்க சித்தப்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விட்டார்.

தனக்கொடி அக்கா பையை நீட்டினார். "ரெண்டு கிலோ புண்ணாக்கு போடு. எந்தக் கையின்னு எம் மாட்டுக்குத் தெரியவா போவுது?"

புது மூட்டை வாய் தைத்தபடி இருந்தது. நூலை உருவ இரண்டு கையும் பலமாக வேண்டும்.

"சித்தப்பா, அந்த மூட்டைய கொஞ்சம் பிரிச்சிட்டுப் போங்க" என்றேன்.