ரெய்னோவின் கோட்டு

எங்கள் ஏரியில் பனிக்கிழவனுக்குச் செத்தவர் துணியைப் போடக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் அமெரிக்காவில், மிஷிகனின் வடகோடியில், பின்லாந்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். பிப்ரவரியில் பனிக்கிழவன் என்று ஒரு வைக்கோல் பொம்மை செய்து, நாற்காலியில் இறுக்கிக் கட்டி, உறைந்த ஏரியின் நடுவில் ஊரைப் பார்க்க உட்கார வைப்போம். நாற்காலியிலிருந்து ஒரு கயிறு, கரையில் இருக்கும் தீயணைப்புக் கொட்டகையின் கடிகாரம் வரைக்கும் வரும். வசந்தத்தில் பனி உடைந்து கிழவன் நகர்ந்தால், கயிறு இழுத்துக் கடிகாரம் நின்றுவிடும். அது எந்த நாள், எந்த மணி என்று ஊரே பந்தயம் கட்டும்.

இந்த வருஷம் கிழவனுக்கு ரெய்னோவின் கோட்டு. போட்டுவிட்டவள் நான்.

ரெய்னோ என் பக்கத்து வீட்டு சைமாவின் புருஷன். ஜனவரியில் ஒரு நாள் அவளோடு சண்டை போட்டுவிட்டு வெளியே போனவன் திரும்பவில்லை. ஊர் தேடக் கிளம்பியபோது, அவன் பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன் என்று நான் சொன்னேன். அதோடு தேடல் நின்றது. கிரீன் பே என்ற நகரத்தில் எவளோ இருக்கிறாளாம் என்று கதை கிளம்பியது. அதற்குக் கண், காது, மூக்கு வைத்ததிலும் எனக்குப் பங்குண்டு. சைமா அவனைத் திட்டாத நாளில்லை. ஆணியில் தொங்கிய அவனுடைய சிவப்புக் கட்டம் போட்ட கோட்டைத் தூக்கிவந்து, அந்தப் பாவி உயிரோடுதானே இருக்கிறான், கிழவனுக்குப் போடு என்று என் மேல் எறிந்தாள். ஓடிப்போகிறவன் நல்ல கோட்டை விட்டுவிட்டா போவான்? அப்போது எனக்கு உறைக்கவில்லை. எனக்கு வாய் முன்னே போகும், புத்தி பின்னே வரும். ஐந்து பொத்தானில் இரண்டைப் போடுவதற்குள் விரல் விறைத்துப்போய், மீதியை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரலில் பனி கறுத்துவிட்டது. அதன் மேல் கால் வைக்காதீர்கள் என்று பலகை நட்டாயிற்று. கூரைகளிலிருந்து நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை காலையில் கிழவன் எங்களைப் பார்க்கவில்லை. முகம் சற்று இடப்பக்கம் திரும்பியிருந்தது.

தீயணைப்புக் குழுத் தலைவன் கலெவி, காற்று திருப்பியிருக்கும் என்றான். புதன்கிழமை கிழவன் இன்னும் திரும்பி, முகம் மறைந்து தோள் மட்டும் தெரிந்தது. நாற்காலியோ வைத்தது வைத்தபடி இருந்தது. இடுப்பில் நான்கு சுற்றுக் கட்டிய பொம்மை, கட்டு அவிழாமல் எப்படித் திரும்பும் என்று கேட்டேன். கலெவி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் மீன் விருந்து. ஒரு வாரமாக மழையும் இல்லை, பனியும் இல்லை. ஜன்னல் வழியாகத் தொலைநோக்கியில் பார்த்த கலெவி, கோட்டு மார்பு வரைக்கும் நனைந்திருக்கிறது என்றான். வாங்கி நானும் பார்த்தேன். கைமுனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிழவனின் முதுகு முழுதாக எங்கள் பக்கம் இருந்தது. அவன் ஓடை வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடை ஏரியில் வந்து விழுவதால் எந்தக் குளிரிலும் பனி கெட்டிப்படாத இடம் அது. சண்டை போட்டால் ரெய்னோ போகும் சாராயக் கடைக்குக் குறுக்கு வழியும் அதுதான். மீன் தட்டை அப்படியே தள்ளி வைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல சைமா வீட்டு நீராவி அறையில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். சூடான கல்லில் அவள் ஒரு அகப்பைத் தண்ணீரை ஊற்றினாள்.

"அவர் கிரீன் பேல இல்ல, இர்யா" என்றாள்.

மூன்று மாதமாக 'அவன்', 'அந்த நாய்' என்றிருந்தவள் அன்றைக்கு 'அவர்' என்றாள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துக்கொண்டிருக்கும்போதே சில்லிட்டது.

"பொம்மையப் பாத்துப் பயந்துட்டியா? காத்துடி அது" என்றேன்.

"ஓடிப்போயிருந்தா நல்லா இருக்கட்டும்னு விட்டுடுவேன். ஓடலன்னா, நான் இத்தனை நாளா யாரைத் திட்டினேன்? எனக்கு அது மட்டும் தெரியணும். நீ பாத்தது அவரைத்தானே?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்குப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது ஒரு முதுகையும், ரெய்னோவுடையது போல ஒரு சிவப்புத் தொப்பியையும்தான். எல்லோருக்கும் முன்னால் எனக்குத்தான் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. ஊரெல்லாம் அலைந்த என் நாக்கு அந்த அறையில் அசையவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடியும் கெட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் படியிறங்கும்போது ஏரி முனகியது. பிறகு நீளமாக ஒரு விரிசல் சத்தம். கயிறு விறைத்து அறுந்தது. பதினொன்று நாற்பதுக்குக் கடிகாரம் நின்றது. யார் ஜெயித்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிழவன் மூழ்கவில்லை. ஒரு பனிப் பாளத்தில் உட்கார்ந்தபடியே, எதிர்க்காற்றில், நேராக ஓடை வாய்க்குப் போனான். போய் அங்கேயே நின்றுவிட்டான்.

கலெவி கொக்கிக் கழியோடு படகை எடுத்தான். கிழவனுக்கு நேர் கீழே இரண்டு முறை துழாவினான். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமலே தொப்பியைக் கழற்றினான்.

படகு கரைக்கு வந்தது. ஒரு பக்கம் தார்ப்பாய் போட்டு மூடிய ரெய்னோ. மறுபக்கம் கிழவன். சைமா தார்ப்பாயை விலக்கி அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாப்ல நீ பாத்தது யாரு?" என்று என்னிடம் கேட்டாள்.

"முதுகு" என்றேன். "ஒரு முதுகைத்தான் பாத்தேன், சைமா."

அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தினம் ஏரிக்கரையில நின்னுதான் அவரைத் திட்டுவேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இங்கயே இருந்திருக்காரு" என்றாள். பிறகு கிழவனைக் காட்டினாள். "நீதானே போட்டுவிட்ட. நீயே கழட்டு. அவருக்குக் குளிருது."

நான் முழங்காலிட்டுப் பொத்தானில் கை வைத்தேன். ஐந்தும் கழுத்து வரை போட்டிருந்தது.