கதவுக்கு அடியில் துரு

பட்டறையில் அவளுக்குப் பெயர் பெயின்டரம்மா. வைத்தவர் அவளுடைய அக்காள் கணவர். இருபத்தைந்து வயதுப் பெண்ணை ‘அம்மா’ போட்டுக் கூப்பிடுவதில் அவருக்கு ஒரு குறும்பு. நசுங்கிய கார்களைத் தட்டி நேராக்குவது மாமாவின் வேலை. நேரான தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, அடிபட்ட சுவடே தெரியாமல் ஆக்குவது அவள் வேலை. இரண்டு வேலையும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே நடந்ததுதான் வம்பு.

அன்றைக்கும் அப்படித்தான். சிவப்பு பானட் ஒன்றை அடித்து முடித்து அவள் பெயிண்ட் தெளிக்கும் கன்னைக் கீழே வைத்த நேரம் பார்த்து, மாமா மறுகோடியில் தேய்க்கிற மெஷினை ஓட்டிவிட்டார். ஈரப் பெயிண்டின் மேல் தூசி வந்து உட்கார்ந்தது.

“மாமா!”

“ஐயையோ. போச்சா?”

“நீங்களே வந்து பாருங்க. காருக்கு அம்மை போட்டிருக்கு.”

“விடு, ஒரு வாரத்துல அதுவா இறங்கிடும்.” சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தவர், சுத்தியலை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினார்.

பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருந்தது. உயரமான கூரை, ஒரே கதவு, காற்றை வெளியே இழுக்கும் விசிறி வைக்கத் தோதான ஒரு ஜன்னல். அதை வாடகைக்குப் பிடித்து, விசிறியும் விளக்குகளும் காற்றை அழுத்தித் தரும் புது கம்ப்ரஷரும் போட்டுவிட்டால் தூசி இல்லாத பெயிண்ட் அறை ஆகிவிடும். மாமாவோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், ஒரே பானட்டை இரண்டு தடவை அடிக்கவும் வேண்டாம். கட்டடத்துக்காரம்மா மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் என்றால் எதிர்க்கடை டயர்க்காரருக்குக் கொடுத்துவிடுவார். அறைக்கான முன்பணத்தை அவள் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தாள். சாமான்களுக்குத்தான் வங்கிக் கடன் கேட்டிருந்தாள்.

வங்கி ஒரே வரியில் கையை விரித்துவிட்டது. கிரெடிட் ஸ்கோர் போதாதாம்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. காரணம் தனக்குத் தெரியும் என்றே நினைத்தாள். போன வருஷம் மணிக்கட்டு முறிந்து வீட்டில் கிடந்தபோது பழைய கம்ப்ரஷருக்கான தவணைகள் சில தவறிப்போயின. அதை யாரிடமும் சொல்லவில்லை. வங்கிக்குப் போய்க் கேட்டால் எல்லோர் முன்னாலும் அதை எடுத்துப் படித்துவிடுவார்களோ என்று கூசியது. அக்காளிடமும் மாமாவிடமும், “லோன் பேப்பர் போயிட்டிருக்கு” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு விளம்பரம் வந்தது. எவ்வளவு மோசமான ஸ்கோரும் மூன்றே மாதத்தில் சுத்தம், உத்தரவாதம் என்று எழுதியிருந்தது.

விளம்பரம் போட்ட ஆலோசகரின் அலுவலகம் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. குளிரூட்டி போட்ட அறை. சலவைச் சட்டை, தேன் ஒழுகும் பேச்சு. அவள் நடந்ததைச் சொல்லத் தொடங்கியதுமே கையை உயர்த்தி நிறுத்தினார்.

“கதையே வேண்டாம் மேடம். எல்லாம் போயிடும்.”

“என் கிரெடிட் ரிப்போர்ட்ட ஒரு தடவை பாக்கலையா சார்?”

“எதுக்கு? எத்தனையோ பாத்தாச்சு. எல்லாம் ஒரே குட்டைல ஊறின மட்டைதான். ஒரு விஷயம் மட்டும், நீங்க பேங்க்குக்கோ, ஸ்கோர் போடறவங்களுக்கோ போன் பண்ணிடாதீங்க. நடுவுல நீங்க பேசினா கேஸ் கெட்டுடும்.”

ஒரு நசுங்கலை விரலால் தடவிப் பார்க்காமல் அவள் யாருக்கும் கூலி சொன்னதில்லை. அது ஒரு கணம் மனத்தில் உறுத்தியது. ஆனால் அவளுக்கு எப்போதும் முதலில் சந்தேகம் வருவது தன்மேல்தான். மேஜை, கம்ப்யூட்டர், சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் எல்லாம் வைத்திருக்கிறவருக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப் போகிறது?

அவர் கேட்ட தொகை, அவள் அறைக்காகச் சேர்த்த பணம் அத்தனையையும் துடைத்து எடுத்துவிடும். அவள் தயங்குவதைப் பார்த்து, “என்ன வேலை பண்றீங்க?” என்றார். சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

“அப்படிச் சொல்லுங்க! என் காரை விக்கப் போறேன். அதுக்கு பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடுங்க, பாதி ஃபீஸ் கழிஞ்சுது. இப்ப ஒரு சின்ன அட்வான்ஸ் மட்டும். மீதி கார் குடுக்கறப்ப.”

அங்கேதான் அவள் விழுந்தாள். மீதிப் பாதியே சேமிப்பில் பாதியைத் தின்றுவிடும். ஆனாலும் கூலியாகக் கழிகிற காசு காசாகவே தோன்றவில்லை. தோள்தானே வலிக்கும், தேய்த்துவிட்டால் போகிறது என்று கணக்குப் போட்டாள். அட்வான்ஸைக் கொடுத்து, அவர் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாள்.

கார் சனிக்கிழமை வந்தது. மேலுக்குப் பளபளவென்றிருந்த நீலக் கார்.

“யார் வண்டி இது? மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்குது” என்றார் மாமா.

“தெரிஞ்சவர் வண்டி.”

“தெரிஞ்சவர்னா எவ்வளவு தெரிஞ்சவர்? காசு குடுக்கற அளவுக்கா, குடுக்காத அளவுக்கா?”

அவள் உப்புத்தாளை மடித்துக் கதவின் கீழ்ப்பகுதியில் கை வைத்தாள். நாலு இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. பெயிண்டுக்கு அடியில் கனமாகப் பட்டி. பட்டிக்கு அடியில், உரிக்க உரிக்கப் பழுப்பாகத் துரு. யாரோ முன்பே ஒருமுறை துருவின் மேலேயே அப்பி மூடியிருக்கிறார்கள். விரலால் அழுத்தினாள். தகடு அப்பளம் போல உள்ளே போனது.

மாமா குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “கதவு செத்துப்போச்சு. துணி போர்த்தி உக்கார வெச்சிருக்காங்க.”

அவள் ஆலோசகருக்குப் போன் செய்தாள். கையெல்லாம் தூசியாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூல் மேல் வைத்தாள்.

“சார், கதவுல துரு. அடித்தகட்டை வெட்டிப் புதுசு வெக்கணும்.”

“வெட்டறதெல்லாம் வேண்டாம் மேடம். மேலே பட்டி பாத்து அடிச்சுடுங்க.”

“மூணு மாசத்துல திரும்ப வெளிய வந்துடும் சார்.”

“மூணு மாசம் எதுக்கு? வாங்கறவன் காசைக் குடுக்கற வரைக்கும் நின்னாப் போதும்.” சிரித்தார்.

பெயின்டரம்மா சிரிக்கவில்லை. மூன்று மாதம். அவருடைய விளம்பரத்திலும் அதே வார்த்தையைப் படித்தது நினைவுக்கு வந்தது.

“சார், ஒண்ணு கேக்கட்டுமா? என் ஸ்கோரை எப்படிச் சுத்தம் பண்ணுவீங்க?”

“அது தொழில் ரகசியம். சரி, நம்ம ஆளாச்சே, சொல்றேன். உங்க பேர்ல இருக்கற எல்லாத்தையும், இது என்னுது இல்லன்னு எழுதிப் போட்டுடுவேன். அவங்க விசாரிச்சு முடிக்கற வரைக்கும் அது கணக்குல வராது. ஸ்கோர் ஏறும். அந்த இடைவெளியில நீங்க லோனை வாங்கிடணும்.”

“தவணை கட்டாம விட்டது நிஜம்தானே சார்?”

“அது உங்களுக்கும் எனக்கும்தான தெரியும்?”

“விசாரிச்சு முடிச்சப்புறம்?”

“திரும்ப வரும். வந்தா என்ன, லோன்தான் கைக்கு வந்துடுச்சே! இப்ப உங்க போனுக்கு ஒரு ஆறு இலக்க ஓ.டி.பி. எண் வரும். அதை அப்படியே படிங்க, வேலையை ஆரம்பிச்சுடலாம்.”

போன் ஒருமுறை அதிர்ந்தது. எண்ணுக்குக் கீழேயே, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தது. அவள் அந்த வரியைப் படித்தாள். கதவைப் பார்த்தாள். திரும்பவும் படித்தாள்.

“மேடம்? வந்துச்சா?”

“வந்துது சார். சொல்ல மாட்டேன்.”

“என்னது?”

“உங்க கார்ல செய்யச் சொன்னதைத்தான் எனக்கும் செய்யப் போறீங்க. எனக்கு வேண்டாம். வண்டியை எடுத்துக்குங்க.”

அவர் பேச்சில் தேன் வற்றிவிட்டது. கையெழுத்துப் போட்டாயிற்று, முழுப் பணத்தையும் கட்டியே ஆகவேண்டும், வக்கீல் வருவார் என்றெல்லாம் ஸ்டூல் மேலிருந்து குரல் கத்தியது. அவள் தூசிக்கையாலேயே போனை அணைத்தாள்.

மாமா அப்போதுதான் சுத்தியலைக் கீழே வைத்தார். இந்த முறை குறும்பு இல்லை. “எவ்வளவு குடுத்த?”

சொன்னாள்.

“அக்காகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?”

“நானே சொல்றேன்.”

அன்றிரவு வீட்டில் அவள் சொல்லி முடிக்கும்வரை அக்காள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். பிறகு வெடித்தாள். “தவணை தவறினதுக்கா இத்தனை மாசம் மூஞ்சியை மறைச்சுக்கிட்டுத் திரிஞ்ச? கை ஒடிஞ்சு கெடந்தவதானேடி நீ! திருடிட்டா வந்த? எங்கிட்ட சொல்ல வெக்கம், எவனோ ஒருத்தன்கிட்ட காசு குடுத்துச் சொல்ல வெக்கமில்ல!” திட்டு முடிந்ததும், “நாளைக்கு லீவு. திங்கக்கிழமை பேங்க்குக்குப் போ. நானும் வரேன்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலோசகர் ஓர் ஆளோடு வந்து இறங்கினார். காரின் கதவு சாம்பல் நிறத்தில் பிரைமர் அடிப்பூச்சோடு நின்றது. வெறும் இரும்பை வெளிக்காற்றில் விட அவளுக்கு மனம் வரவில்லை. அது எவர் கதவாக இருந்தால்தான் என்ன.

“என் வண்டியை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க!”

“உள்ள இருந்ததை வெளிய காட்டியிருக்கோம்” என்றார் மாமா. “தேய்ச்ச கூலி நாங்க கேக்கல சார்.”

“கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் விட மாட்டேன்.”

“என் அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்க” என்றாள் அவள். “இல்லன்னா நீங்க போன்ல சொன்ன எல்லாத்தையும் போலீஸ்ல எழுதிக் குடுப்பேன். மாமாவும் பக்கத்துல நின்னு கேட்டாரு.”

அவர் பணத்தைத் தரவில்லை. வக்கீல் பேச்சையும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. சாம்பல் கதவோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அவள் சொன்னபடியே புகார் எழுதிக் கொடுத்தாள். அந்தக் காசு வரும் என்று நம்பிக் கொடுக்கவில்லை. அடுத்து அந்த மாடிப்படி ஏறப்போகிற ஆளை நினைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை வங்கியில் கடன் பிரிவு அதிகாரி, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு பெண்மணி. ரிப்போர்ட்டை முந்தின நாள் பெயின்டரம்மா தானே இணையத்தில் எடுத்திருந்தாள். அதற்கு யாரும் காசு கேட்கவில்லை. பயத்தில் அதைச் சரியாகப் படிக்கத்தான் முடியவில்லை. அந்த அம்மாள் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கம்ப்ரஷர் தவணையைச் சாதாரணமாகத் தாண்டிப் போய் இன்னொரு வரியில் நின்றார்.

“இது என்ன, செல்போன் கடன்? பாக்கின்னு காட்டுது.”

“அது கட்டி முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சே மேடம்!”

“அவங்க முடிஞ்சதா பதியவே இல்ல. உங்க ஸ்கோரைக் கீழே இழுக்கறது முக்காவாசி இதுதான்.”

பெயின்டரம்மா அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள். இத்தனை நாள் தன் தப்பையே பார்த்துக் கூசியதில், தன் தப்பே இல்லாத ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

“கட்டின ரசீதை வெச்சு ஸ்கோர் போடறவங்களுக்கும், அந்தக் கடன் கம்பெனிக்கும் நீங்களே எழுதுங்க. செலவு கிடையாது. தப்பா இருக்கறதைத் திருத்தியே ஆகணும். தவறின தவணை நிஜம். அதை யாராலயும் அழிக்க முடியாது. ஆனா ஒழுங்காக் கட்டக் கட்ட அதோட கனம் குறையும்.” அவர் கண்ணாடியை இறக்கினார். “யாராவது முன்பணம் வாங்கிட்டு எல்லாத்தையும் அழிச்சுத் தரேன்னு சொன்னாங்களா?”

அவள் தலை குனிந்தாள். அக்காள் முந்திக்கொண்டாள். “சொன்னாங்க. அவன் கதவைத்தான் இவ தேய்ச்சு அனுப்பியிருக்கா.”

அதிகாரி அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார்.

திருத்தம் வர மாதக் கடைசியைத் தாண்டும் என்று தெரிந்தது. அவள் நேரே கட்டடத்துக்காரம்மாவிடம் போய், உள்ளதை உள்ளபடி சொன்னாள். கடன் இன்னும் வரவில்லை, வரத் தாமதமாகும், ஆனால் அறையின் முன்பணம் கையில் இருக்கிறது. அட்வான்ஸ் போன வகையில் அதிலும் கொஞ்சம் குறைகிறது.

“மெஷின் இல்லாம ரூமை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?”

“கதவைச் சாத்திக்குவேன். எங்க மாமா உள்ள வரமாட்டார்ல, அதுவே பாதி மெஷின்.”

கட்டடத்துக்காரம்மா அடக்க முடியாமல் சிரித்து, குறைவதை வாடகையோடு சேர்த்துத் தரச் சொன்னார். டயர்க்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

அறையின் சுவர்களில் பிளாஸ்டிக் விரிப்புகளைத் தொங்கவிட்டாள். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினாள். பழைய கம்ப்ரஷரை வெளியே வைத்து, குழாயை மட்டும் உள்ளே இழுத்தாள். ஜன்னலில் வீட்டு விசிறி ஒன்று வெளிப்பக்கம் பார்த்துச் சுற்றியது. முகமூடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எதையும் அடிக்கும் முன் செய்கிற மாதிரி ஓர் அட்டையில் அடித்துப் பார்த்தாள். திருப்தியில்லாமல் இன்னொரு அட்டையிலும் பார்த்தாள். பிறகுதான் முதல் பானட்டில் கை வைத்தாள்.

அம்மை போடவில்லை.

செல்போன் கடன் முடிந்ததாகத் திருத்தப்பட்ட செய்தி வந்த அன்று அவள் கன்னைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்கோர் வானத்துக்கு ஏறிவிடவில்லை. ஆனால் அதிகாரி அம்மாள் போனில், பெரிய தொகை இப்போது வேண்டாம், விசிறிக்கும் விளக்குக்கும் மட்டும் சின்னதாகக் கேளுங்கள், கிடைக்கும், அதை ஒழுங்காகக் கட்டியபின் கம்ப்ரஷருக்கு வாருங்கள் என்றார். தவறிய தவணைகள் அப்படியேதான் இருந்தன. இப்போது அவற்றைப் பார்க்க அவளுக்குக் கூசவில்லை.

வெளியே மாமா கதவைத் தட்டினார்.

“பெயின்டரம்மா, உள்ள வரலாமா?”

“மெஷினை நிறுத்தியாச்சா?”

“ஆச்சு.”

“சட்டையை உதறினீங்களா?”

வாசலில் படபடவென்று துணி உதறும் சத்தம் கேட்டது. அவள் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளைத் திறந்தாள்.