தலைவர் வீட்டு ஒத்திகை

“நாடகத்துல ஒருத்தன் கேள்வி கேட்டா நீ எந்திரிச்சு பதில் சொல்லுவியா? கேக்கறது அவன் வேலை. பதில் சொல்ல உன்னை யாரு கூப்பிட்டா?”

கண்ணாடிக் கடைக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று கத்தினார். ‘தலைவர்’ என்று அச்சடித்த பட்டை சட்டையில் இன்னும் குத்தியிருந்தது. நாடக மன்றத்துக்கு அவர்தான் தலைவர். வீட்டுக்கும் அவரேதான், இங்கே தேர்தல் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்லூரியில் படிக்கும் மகள் சுவரோரம் நின்றாள். மேடை நாடகத்தை நேரில் பார்த்தது அவளுக்கு இன்றுதான் முதல் தடவை. திரையில் அழுகிறவர்களைப் பார்த்துப் பழகியவள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெண், கழுத்து நரம்பு புடைக்க அழுததைப் பார்த்ததும் அவளால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

கதை ஒன்றும் புதிதல்ல. புருஷனை இழந்த தங்கை, அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் சோறு போடுகிறார், துணி எடுத்துத் தருகிறார், அடுப்படியையும் தருகிறார். அவள் கற்ற தொழிலுக்கு மட்டும் அனுப்ப மாட்டார். கடைசிக் காட்சியில் அந்த அண்ணன் மேடை விளிம்புக்கு வந்து, கையை விரித்துச் சபையைப் பார்த்துக் கேட்டார்: “சொல்லுங்க! நான் இவளுக்கு என்ன குறை வெச்சேன்?”

கேட்டுவிட்டு, ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கொடுத்தார். அந்த நேரத்தில்தான் முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

“வேலைக்கு விடலையே! அதான் குறை. எங்க அத்தையும் நர்ஸுக்குப் படிச்சவங்கதான். உங்களை மாதிரியே வீட்டுக்குள்ள அடைச்சு வெச்சிருக்காங்க!”

பக்கத்தில் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்த தலைவரின் கைக்குட்டை மூக்கிலேயே நின்றுவிட்டது.

“நீங்களும்தானே அழுதீங்க, அப்பா?” என்றாள் மகள் இப்போது.

“அழுதேன். நாடகம்னா அழணும். அழுது முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடணும். அதுக்குப் பேருதான் ரசனை!”

சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்த அத்தை, அதாவது தலைவரின் தங்கை, தலையைத் தூக்கவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அவளை நாடகத்துக்கு அழைத்துப் போகவில்லை. அவள் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை மதியத்துக்குள் வந்து சேர்ந்தால் வேலை அவளுக்கு, இல்லையென்றால் வேறொருத்திக்கு. நாளைக்குத் திங்கட்கிழமை. அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

“புருஷன் போனவ நாலு பேர் கண்ணுல படாம இருக்கறதுதான் குடும்பத்துக்கு மரியாதை. இங்க உனக்கு என்ன குறை?” என்று அவர் கேட்டிருந்தார். “அவ போயிட்டா அடுப்படியை யாரு பாக்கறது?” என்று அண்ணி கேட்டிருந்தாள். அண்ணியும் இன்று அரங்கத்தில் முந்தானை நனைய அழுதுவிட்டு வந்தவள்தான்.

அப்போது தொலைபேசி அடித்தது. பேசியவர் நாடக மன்றத்து உறுப்பினர் ஒருவர்.

“தலைவரே! சபையில ஒரு பொண்ணை உக்கார வெச்சு, நடுவுல பேச விட்டீங்களே, என்ன மூளை! அதுவும் சொந்தப் பொண்ணு! எங்களுக்கெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.”

தலைவர் சட்டையில் குத்தியிருந்த பட்டையைச் சரிசெய்துகொண்டார். “ஏதோ... சின்னதா ஒரு முயற்சி” என்றார். அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன. படுக்கப் போவதற்குள் அது தன்னுடைய யோசனைதான் என்று அவரே நம்பிவிட்டார். மகளுக்கோ ஆத்திரம். தான் உண்மையைச் சொல்ல, ஊரே அதை நடிப்பென்று கைதட்டியிருக்கிறதே!

மறுநாள் காலை இயக்குநரே மன்றத்து ஆட்களோடு வீட்டுக்கு வந்துவிட்டார். இனி நாடகம் போடும்போதெல்லாம் மகள் சபையிலிருந்து எழுந்து பேச வேண்டுமாம். முடிவையும் மாற்றிவிட்டாராம். அண்ணன் மனம் திருந்தி, தங்கையை வேலைக்கு அனுப்புகிறார்.

“ஒரு தடவை பார்த்துடலாமா? அண்ணனா நடிக்கறவர்தான் இன்னைக்கு வரலை...”

அவர் முடிப்பதற்குள் தலைவர் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன், சார்” என்று மகள் சமையலறைக்குள் போனாள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஆகிற நேரத்தைவிடக் கூடவே ஆயிற்று.

ஒத்திகை தொடங்கியது. தலைவர் கையை விரித்தார். “சொல்லுங்க! நான் இவளுக்கு என்ன குறை வெச்சேன்?”

“வேலைக்கு விடலையே! அதான் குறை” என்றாள் மகள். இந்தத் தடவை அவள் கண் சமையலறைப் பக்கம் இருந்தது.

தலைவர் நெஞ்சில் கைவைத்தார். நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. “தப்புத்தாம்மா! படிச்ச பொண்ணை அடுப்படியில போட்டு அடைச்சுட்டேன். போம்மா, போய் வேலையில சேரு. எவன் என்ன சொன்னாலும் அண்ணன் நான் இருக்கேன்!”

மன்றத்தார் கைதட்டினார்கள். சமையலறையிலிருந்து அத்தை வெளியே வந்தாள். வெளுத்த புடவை, தோளில் பை.

“சரிண்ணே. போயிட்டு வரேன்.”

எல்லோருக்கும் நடுவில் நடந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து போய்விட்டாள். தலைவர் நெஞ்சில் வைத்த கை வைத்தபடியே இருந்தது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, எந்த வாயால் நிற்கச் சொல்வது?

இயக்குநர் நாற்காலியைவிட்டுத் துள்ளி எழுந்தார். “அடடா! நேத்து நடிச்சவங்களைவிட எவ்வளவு இயல்பு! அந்த நடையைப் பாத்தீங்களா? தலைவரே, கூப்பிடுங்க அவங்களை. அந்தக் கட்டத்தை இன்னொரு தடவை பார்த்துடலாம்.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் திரும்பாமலே சொன்னாள்:

“அத்தை பஸ் ஏறிட்டாங்க, சார்.”